கடல் கடந்து ஆடிய நெட்டைப் பெண்



இன்றைய பேச்சு விளையாட்டைப் பற்றியது என்றதும், பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் அடுப்படிக்குப் போய்விட வேண்டாம். உண்மையில் இது பெற்றோருக்கான பேச்சு. சோற்றுப் பானையைப் பற்றிய பேச்சு என்றுகூடச் சொல்லலாம். எப்படி என்று சொல்கிறேன்.

1987ஆம் ஆண்டு நான் ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு பெண். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. பன்னிரண்டு வயதில் என்னைவிட நாலு விரற்கடை உயரம். சபைகூடலின்போது பின்வரிசையில் தோளைக் குறுக்கி, தலையைக் கவிழ்த்து, முழங்காலைச் சற்று மடக்கி நிற்பாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பனைமரம். வீட்டிலும் பாட்டி, "இந்த உயரத்துக்கு எந்த ஊருல மாப்பிள்ளை தேடறது?" என்று ஓயாமல் புலம்புவாராம். சீருடை தைப்பதற்குத் துணி கூடுதலாகப் பிடிக்கிறது என்பது வேறு ஒரு குறை.

அவளை நான் வலைப்பந்துக் குழுவில் சேர்த்தேன். நம் பிள்ளைகள் போலா ஜாரிங் என்று சொல்கிறார்களே, அந்த ஆட்டம். மார்பில் ஜி.எஸ். என்ற எழுத்துப் பட்டையைக் கட்டி வளையத்துக்குக் கீழே நிறுத்தினேன். அன்றுதான் அவள் முதுகு நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். மாவட்டப் போட்டியில் எங்கள் சிறிய பள்ளி, பெரிய பெரிய பட்டணத்துப் பள்ளிகளை எல்லாம் வென்றது. அவள் மாவட்டக் குழுவுக்குத் தேர்வானாள். மூன்று சனிக்கிழமை மலாக்கா பட்டணத்துக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும்.

அனுமதி கேட்க அன்று மாலையே லயத்துக்குப் போனேன். அவளுடைய தந்தை நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், பந்தைக் கூடையில போட்டா அது சோத்துப் பானையில விழுமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாயும் தந்தையும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆளில்லை. அந்த மூன்று சனிக்கிழமையும் அவள் வீட்டிலேயே இருந்தாள். நானும் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. "சார், பனைமரம் பேசறேன்" என்றது குரல். இப்போது மெர்லிமாவ் பக்கம் ஒரு தாமானில் குடியிருக்கிறாள், தொழிற்சாலையில் வேலை. அவளுடைய மகளுக்குப் பதினான்கு வயது, ஐந்தடி பதினோரு அங்குலம். இடைநிலைப்பள்ளி ஆசிரியை அந்தப் பெண்ணை மாவட்டக் குழுவுக்குக் கேட்கிறாராம். அவளுடைய கணவர் கேட்கும் கேள்வி அன்று அவள் தந்தை கேட்ட அதே கேள்வி. "இப்பவாச்சும் உங்ககிட்ட பதில் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடியதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

விளையாடிப் பிழைப்பது, அதுவும் கடல் கடந்து போய் விளையாடிப் பிழைப்பது என்றால் முதலில் நினைவுக்கு வருபவர்கள் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள். அமெரிக்காவின் தலையாய கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள். ஓர் அணிக்கு 15 பேர் என்று வைத்தால் மொத்தம் 450 இடம். ஆனால் கல்லூரிகளில் ஆடித் தேறி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மிச்சமுள்ளவர்கள் என்ன செய்வது? பெட்டியைக் கட்டிக்கொண்டு இத்தாலி, துருக்கி, சீனா, பிலிப்பைன்ஸ் என்று புறப்பட்டுவிடுகிறார்கள். ஓர் ஆண்டு ஒரு நாடு, மறு ஆண்டு வேறு நாடு. நம் நாட்டிலும் அவர்கள் ஆடியிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் நம் மலேசிய டிராகன்ஸ் அணி 2016இல் வெற்றியாளர் பட்டம் பெற்றது. அந்த லீக்கில் ஒவ்வோர் அணியும் உள்ளூர் ஆட்டக்காரர்களோடு அயல்நாட்டார் சிலரைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கடல் கடந்து கூலிக்கு உழைப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதையும் ஒப்பந்தக் கதைதானே. வேறுபாடு என்னவென்றால், இவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்கர் கதை அமெரிக்கருக்கு. நம்மைப் போல் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, பந்தைப் பிடித்துக் கடல் கடந்தவர் யாராவது உண்டா? உண்டு. பெண். இலங்கையைச் சேர்ந்தவர். பெயர் தர்ஜினி சிவலிங்கம். உயரம் ஆறடி பத்தங்குலம், அதாவது 208 சென்டிமீட்டர். அனைத்துலக வலைப்பந்து ஆடிய பெண்களுள் இவரே மிக உயரமானவர் என்கிறார்கள்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். வலைப்பந்து என்பது கூடைப்பந்தின் தங்கை. 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் கொட்டகைக்குள் அடைந்து கிடந்த மாணவர்களுக்காகக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பீச் பழம் வைக்கும் கூடைகளை உயரத்தில் அடித்துவைத்து ஆடினார்கள். கூடைக்கு அடியில் ஓட்டையில்லை. பந்து விழுந்தால் ஏணி வைத்து எடுக்கவேண்டும்! சில ஆண்டுகளில் அந்த ஆட்டம் இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளுக்குப் போயிற்று. அக்காலப் பெண்கள் கணுக்கால் வரை பாவாடை அணிந்திருந்தார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஆகவே விதிகளை மாற்றினார்கள். பந்தைத் தட்டக்கூடாது, பிடித்தபடி ஓடவும் கூடாது, மூன்று விநாடிக்குள் கைமாற்றவேண்டும். 1901இல் விதிகள் அச்சாயின. வெள்ளைக்காரர் போன இடமெல்லாம் அந்த ஆட்டமும் போயிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, மலாவி, இலங்கை, நம் மலாயா. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில்தான் வலைப்பந்துக்கு முதன்முதலாகப் பதக்கம் வழங்கப்பட்டது என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். வலைப்பந்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். அவர்களில் ஜி.எஸ்., ஜி.ஏ. என்ற இருவர் மட்டுமே கோல் போடலாம். அதுவும் வளையத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான் போடவேண்டும். வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் உள்ளதுபோல் பின்பலகை கிடையாது. பந்தைப் பலகையில் மோதிச் சரியவிட முடியாது. நேராக வளையத்துக்குள் விழவேண்டும். எதிரணிப் பெண், கோல் போடுகிறவரின் காலிலிருந்து மூன்றடி தள்ளித்தான் நிற்கலாம். தொடக்கூடாது, தள்ளக்கூடாது. கையை நீட்டி மறைக்கலாம், அவ்வளவுதான்.

ஆறடி பத்தங்குலம் உள்ள ஒருவர் கையை மேலே தூக்கினால் ஏறக்குறைய ஒன்பதடி. வளையத்துக்கும் விரல் நுனிக்கும் இடையே ஓரடிதான் பாக்கி. நாம் கொடிக்கம்பியில் துணி போடுகிறோமே, அதுபோல. ஐந்தரை அடிப் பெண் மூன்றடி தள்ளி நின்று எம்பிக் குதித்தாலும் அந்தப் பந்தைத் தொட முடியுமா? முடியாது. பந்து அவர் கைக்கு வந்துவிட்டால் கோல் விழுந்தது என்றே கணக்கு எழுதலாம். அதனால்தான் வலைப்பந்து ஆடும் நாடுகள் எல்லாம் உயரமான பெண்ணைத் தேடி அலைகின்றன.

தர்ஜினி 1979ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் மாவட்டத்தில், புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினை என்னும் ஊரில் பிறந்தார். வசாவிளான் மத்திய கல்லூரியில் படித்தவர். அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னாலே யாழ்ப்பாணத்துக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். பலாலி இராணுவத் தளத்துக்கு அருகில் உள்ள பள்ளி அது. 1990இல் அவ்வட்டார மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தபோது பள்ளியும் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் வேறிடத்தில் இயங்கியது. பின்னர் 1995 அக்டோபர் இறுதியில், போருக்கு அஞ்சி யாழ்ப்பாண நகரையும் சுற்றியுள்ள வலிகாமத்து ஊர்களையும் விட்டு இலட்சக்கணக்கான மக்கள் கால்நடையாகப் புறப்பட்டார்கள். தர்ஜினிக்கு அப்போது வயது 16. பதினாறு வயதில் நம் பிள்ளைகள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அவருக்கும் உயரம் ஒரு சுமையாகத்தான் இருந்தது. சிறுவயதில் கேலிக்கு ஆளானதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஈவினையிலும் ஒரு பனைமரம், ஜாசினிலும் ஒரு பனைமரம். யாழ்ப்பாணத்தில் பனை என்றால் கற்பகத் தரு என்பார்கள். அங்கேயும் பெண்பிள்ளை உயர்ந்துவிட்டால் மட்டும் கேலிதான்.

பள்ளிப் படிப்பை முடித்து மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், தாய்மார்களே. அவர் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பந்தின் பின்னால் ஓடியவர் அல்லர். பின்னர் இலங்கைத் தேசிய அணியில் இடம்பெற்றார். போர் நடந்துகொண்டிருந்த காலம். வடக்கிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண், பெரும்பாலும் சிங்களப் பெண்கள் நிறைந்த அணியில், நாட்டின் கொடியைச் சட்டையில் அணிந்து ஆடினார். அது அவருக்கு எளிதாக இருந்திருக்குமா என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டத்தில் ஒன்று உண்டு. பந்தை அவருக்கு எறியவேண்டியவர்கள் அந்தச் சிங்களப் பெண்கள். அதை வளையத்தில் போடவேண்டியவர் இவர். ஒருவரை நம்பித்தான் மற்றவர்.

போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டில் ஆசிய வலைப்பந்துப் போட்டி நம் மலேசியாவில் நடந்தது. இறுதியாட்டத்தில் இலங்கை, சிங்கப்பூரை 77க்கு 48 என்ற கணக்கில் வென்றது. பெரும்பாலான கோல்களைப் போட்டவர் தர்ஜினி. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது, நேயர்களே. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நான் போகவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. 2011இல் சிங்கப்பூரில் உலகப் போட்டி நடந்தபோது சிறந்த கோல் எறிபவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதன் பின்னரே வெளிநாட்டு அழைப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் வலைப்பந்து என்றால் நம் ஊரில் காற்பந்து மாதிரி. சிற்றூர்ப் பெண் பிள்ளை முதல் நாற்பது வயதுத் தாய் வரை ஆடுகிறார்கள். மெல்பர்ன் நகரம் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மாநில லீக் ஒன்று உண்டு. அதில் சிட்டி வெஸ்ட் பால்கன்ஸ் என்ற கழகத்துக்குத் தர்ஜினி ஆடினார். அயல்நாட்டுக் கழகத்துக்கு ஆடப்போன இலங்கை வலைப்பந்துப் பெண்களுக்கு அவரே முன்னோடி. வேற்று மொழி, குளிர், வீட்டுச் சாப்பாடு கிடையாது. ஈவினையில் பிறந்த பெண்ணை, வளையத்தடியில் நிற்பதற்காக ஒரு பெருநகரத்துக் கழகம் விரும்பி அழைத்தது. ஊரில் எந்த உயரத்தைச் சொல்லிச் சிரித்தார்களோ அந்த உயரத்துக்குத்தான் அந்த அழைப்பு.

சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்தில் சம்பாதிப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆஸ்திரேலியாவில் 2017ஆம் ஆண்டு முதல் முழுநேரத் தொழிலாக ஆடும் உயர்ந்த லீக் ஒன்று நடந்து வருகிறது. எட்டு அணி, அணிக்குப் பத்துப் பேர். ஆக எண்பது இடம். அந்த எண்பது பேருக்கு நல்ல வருமானம். அதற்குக் கீழே உள்ள மாநில லீக்குகளில் ஆடுகிறவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்குப் போகிறவர்கள். இலங்கையிலும் வலைப்பந்துப் பெண்கள் வங்கியிலோ நிறுவனத்திலோ பணியில் இருந்துகொண்டுதான் ஆடுகிறார்கள். அந்நிறுவனங்கள் தங்கள் அணிக்கு ஆடுவதற்காகவே வேலை தருகின்றன. பந்து நேரே சோற்றுப் பானையில் விழவில்லை, வேலை என்ற வளையத்தின் வழியாகச் சுற்றி விழுகிறது.

அந்த எண்பது இடத்திலும் கோல் போடும் இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். வியப்பாக இருந்தது. ஜமைக்கா நாட்டு ஜானியல் பவுலர், ஆறரை அடி உயரம், மேற்கு ஆஸ்திரேலிய அணிக்கு ஆண்டுக்கணக்கில் ஆடியவர். மலாவி நாட்டு ம்வாய் கும்வெண்டா. மலாவி நம்மைவிடப் பன்மடங்கு ஏழை நாடு. அவர் நியூசிலாந்தில் ஆடிவிட்டு, 2017இல் மெல்பர்ன் அணியில் சேர்ந்தார், 2020இல் அவருடைய அணி வெற்றியாளர் பட்டம் பெற்றது. இத்தனைக்கும் அவர் மற்றவர்களைப்போல் பெரிய உயரமும் இல்லை. காலின் வேகமும் கண்ணின் குறியும்தான் அவருக்குச் சோறு போட்டன. ஆகவே குட்டையான பிள்ளைகளைப் பெற்றவர்கள் வானொலியை அணைக்க வேண்டாம்!

தர்ஜினியின் கதைக்குத் திரும்புவோம். அவர் தேசிய அணியில் இல்லாத இடைக்காலத்தில் இலங்கை ஆசியப் பட்டத்தை இழந்து நின்றது. 2018இல் அவரை மீண்டும் அழைத்தார்கள். வயது 39. நம் வழக்கில் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கும் வயது. சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் சிங்கப்பூரையே 69க்கு 50 என்று வென்று பட்டத்தைக் கொண்டு போனார்கள். மறு ஆண்டு, 2019இல், இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி. அங்கேயும் சிங்கப்பூருடன் ஓர் ஆட்டம், 88க்கு 50. அந்த 88இல் 76 தர்ஜினி போட்டவை. போட்டி முழுவதிலும் 348 கோல் போட்டு, உலகிலேயே அதிகக் கோல் போட்டவராக நின்றார்.

ஆனால் இலங்கைக்குக் கிடைத்த இடம் என்ன தெரியுமா? பதினாறு நாடுகளில் பதினைந்தாவது. தனிமரம் தோப்பாகாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பெரிய நாடுகள் தர்ஜினியைத் தடுக்க முயலவில்லை. அவரிடம் பந்து வந்து சேராமல் நடுவிலேயே பறித்துக்கொண்டன. தர்ஜினியைக் குறை சொல்பவர்களும் உண்டு. அவர் ஓடுவதில்லை, நின்ற இடத்தில் நிற்கிறார், அவரை நம்பி அணி சோம்பிவிட்டது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நாற்பது வயதில், தலைக்கு மேல் பறந்து வரும் பந்தை இருவர் நெருக்க நின்று பிடித்து, தடுமாறாமல் இறங்கி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறி தவறாமல் போடுவது வெறும் உயரத்தால் மட்டும் வரும் காரியம் அன்று. உயரத்தைக் கடவுள் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். குறியை அவர்தான் தேடிக்கொண்டார்.

2022ஆம் ஆண்டு இலங்கையில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் துபாயில் இலங்கை கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. அதே நாளில் சிங்கப்பூரில் வலைப்பந்துப் பெண்கள் 63க்கு 53 என்ற கணக்கில் ஆசியப் பட்டத்தை வென்றார்கள். அந்த அணியிலும் தர்ஜினி இருந்தார், 43 வயதில். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் நடந்த உலகக் கிண்ணத்திலும் ஆடினார்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அமெரிக்காவில் பிரிட்னி கிரைனர் என்ற கூடைப்பந்துப் பெண். ஆறடி ஒன்பதங்குலம், தர்ஜினியைவிட ஓரங்குலம்தான் குறைவு. பெண்கள் லீக்கில் கிடைக்கும் சம்பளத்தைப் போலப் பல மடங்கு ரஷ்யாவில் கிடைத்ததால், ஆண்டுதோறும் பருவ ஓய்வில் அங்கே போய் ஆடினார். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் அவருடைய பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததாகக் கூறிப் பிடித்தார்கள். ஒன்பது ஆண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. இரு நாடுகளும் கைதிகளை மாற்றிக்கொண்டதால் அவ்வாண்டு டிசம்பரில் வீடு திரும்பினார். உலகப் புகழும் பெரிய நாட்டுக் கடப்பிதழும் உள்ளவருக்கே இந்தப் பாடு. அயல்நாட்டுக்குப் போகிறவர் அந்நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் விமானச் சீட்டு யார் பொறுப்பு, தங்குமிடம் எது, காலில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, அடிபட்ட பின்னும் சம்பளம் உண்டா என்று கேட்கவேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போகக் கூடாது. இது பந்தாட்டத்துக்கு மட்டும் சொல்லவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

காலில் அடிபடுவதைச் சொன்னேனே, அது வலைப்பந்தில் பெரிய தொல்லை. பந்தைப் பிடித்ததும் சட்டென்று நிற்கவேண்டிய ஆட்டம் இது. ஓடிவந்த வேகம் முழுவதையும் முழங்கால் தாங்குகிறது. முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துபோவது வலைப்பந்து ஆடும் பெண்களிடையே அடிக்கடி நடக்கிறது. ஓராண்டு வரை ஆட முடியாமல் போகும். ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பிள்ளை குதித்து இறங்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காமல் சற்று மடக்கி, இரண்டு காலிலும் மெத்தென்று இறங்கப் பழக்குங்கள். கான்கிரீட் தரையில் வெறுங்காலோடு ஆட விடாதீர்கள். நாங்கள் அந்தக் காலத்தில் விட்டோம், தவறு.

சரி, மெர்லிமாவுக்கு என்ன பதில் சொன்னேன்?

"அம்மா, உன் மகள் ஆஸ்திரேலியாவுக்குப் போவாள் என்று நான் சொல்லமாட்டேன். எண்பது இடத்துக்கு உலகமே நிற்கிறது. ஆனால் வழியில் வேறு படிகள் இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஆடினால் மாநிலம்; மாநிலத்துக்கு ஆடினால் தேசியப் பள்ளிப் போட்டி. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பீட்டில் 90 பங்கு படிப்புக்கு என்றால் 10 பங்கு புறப்பாட நடவடிக்கைக்கு. மாவட்டம், மாநிலம் என்று ஆடிய பிள்ளைக்கும் வெறுமனே பெயர் கொடுத்த பிள்ளைக்கும் அந்தப் பத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஒரு மதிப்பெண்ணில் இடம் நழுவிய நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டில் நம் மலேசியப் பெண்கள் வலைப்பந்தில் தங்கம் வாங்கினார்கள். அந்த வாசல் உன் மகளுக்கும் மூடியில்லை. ஆனால் பாடப் புத்தகத்தை மூட விடாதே. தர்ஜினியும் பட்டப்படிப்புப் படித்தவர்தான்."

இதை அவளுடைய கணவரிடமும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறடி பத்தங்குலமா சார்? நெசமாவா?" என்றார். கைத்தொலைபேசியில் தர்ஜினியின் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கி, தர்ஜினியின் முகத்தைப் பார்க்காமல் அவர் நிற்கும் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க குனியலயே சார்" என்றாள்.

முதல் சனிக்கிழமைப் பயிற்சி அடுத்த வாரம் என்று முடிவாயிற்று. தந்தையே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பின்னர் ஒரு சிக்கல் எழுந்தது. அவள் காலுக்குக் காலணி கிடைக்கவில்லை. மெர்லிமாவில் இல்லை, ஜாசினில் இல்லை. மலாக்கா பட்டணத்தில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் ஆண்கள் காலணி வைத்திருக்கும் பக்கத்தில் ஒரு சோடி கிடைத்தது. சற்றுப் பெரிது. முன்னால் கொஞ்சம் துணி திணித்துக்கொண்டு போயிருக்கிறாள்.